கார்வேட்டிநகரத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எங்கே இடறுகிறது?

புத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கார்வேட்டிநகரம் பஸ் ஏறுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். ஸ்டேஷன் பலகையில் தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ். கடைப் பலகைகளில் தெலுங்கு. பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து ஸீட்டில் தமிழ். கண்டக்டரிடம் தெலுங்கில் டிக்கெட் கேட்டுவிட்டு, மடியில் இருக்கும் குழந்தையைத் தமிழில் அதட்டும் தாய்மார்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம்.

நகரி, புத்தூர், கார்வேட்டிநகரம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பரீட்சைத் தாளில் இன்னொரு மொழி என்று மூன்றையும் சுமந்துகொண்டு வளர்கிறது. பேச்சில் அது கெட்டி. இங்கிலீஷிலும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடும். ஆனால் "ஒரு பக்கம் எழுது" என்றால்தான் பேனா நின்றுவிடுகிறது. கோயிலைப் பற்றி எழுதினாலும் 'குட்', மழையைப் பற்றி எழுதினாலும் 'குட்', காந்தியடிகளைப் பற்றி எழுதினாலும் 'குட்'. அதற்கு மேல் போனால் 'வெரி குட்'.

இதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது. பத்தாம் வகுப்பு வரை எந்த வழியில் படித்தாலும், திருப்பதிக்கோ சித்தூருக்கோ கல்லூரி என்று போனால் பாடமும் பரீட்சையும் பெரும்பாலும் இங்கிலீஷ்தான். நெசவுத் தறியிலும், மாம்பழக்கூழ் தொழிற்சாலையிலும், ரயில்வேயிலும் வேலை செய்து பீஸ் கட்டுகிற தகப்பனார்கள் அதுவரை பிள்ளை முதல் மூன்று ராங்குக்குள் வருவதைப் பார்த்துப் பழகியவர்கள். கல்லூரி முதல் வருஷத்தில் அதே பிள்ளை பெயிலாகி வந்து நிற்கும்போது, புத்தி மட்டு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணக்கும் விஞ்ஞானமும் தெரிந்த பிள்ளைதான். தெரிந்ததைத் தாளில் இறக்கி வைக்கச் சொல் இல்லை, அவ்வளவுதான்.

ஜமீன் மண்ணில் விளைந்த இங்கிலீஷ்

இந்த மண்ணுக்கு இங்கிலீஷ் வராது என்று யாரும் சொல்ல முடியாது. கார்வேட்டிநகரம் ஜமீனின் தலைநகராக இருந்த ஊர். வேணுகோபால சுவாமி மேல் சாரங்கபாணி தெலுங்குப் பதங்கள் பாடியதும், வர்ணங்களுக்குப் பெயர் போன கோவிந்தசாமய்யா வாழ்ந்ததும் இந்த ஜமீனை ஒட்டித்தான். அந்த ஜமீனைச் சேர்ந்ததாகத் திருத்தணியும் இருந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்தில் தங்கிவிட்டது.

டாக்டர் ராதாகிருஷ்ணனின் ஆரம்பப் படிப்பு அந்தத் திருத்தணியில்தான். 1888ல் பிறந்தவர். தகப்பனார் உள்ளூர் ஜமீனில் வருவாய்த்துறைச் சிப்பந்தி. பணக்கார வீடு இல்லை. வீட்டு மொழி தெலுங்கு, ஊர் மொழி தமிழ். 1896ல் திருப்பதி லூதரன் மிஷன் பள்ளி, பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி, அதன் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. தத்துவ சாஸ்திரம் எடுத்ததுகூட உறவினர் ஒருவர் படித்து முடித்த புத்தகங்கள் இனாமாகக் கிடைத்ததால்தான் என்பது எல்லோரும் அறிந்த கதை. 1908ல், இருபது வயதில், வேதாந்தத்தின் ஒழுக்க நெறி பற்றி அவர் எழுதிய இங்கிலீஷ் ஆய்வுரையை அவருடைய பேராசிரியர் ஹாக் மெச்சினார். 1926ல் ஆக்ஸ்போர்டில் போய்ச் சொற்பொழிவு செய்தார். 1936ல் அங்கேயே பேராசிரியர் ஆனார்.

அவருடைய இங்கிலீஷில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'இந்தியத் தத்துவம்' என்று அவர் எழுதிய இரண்டு பாகப் பெரு நூலின் நடை வேறு; ஆக்ஸ்போர்டு மேடைக்காக எழுதி, 1927ல் 'ஹிந்துவின் வாழ்க்கை நோக்கு' என்று புத்தகமான சொற்பொழிவின் நடை வேறு. முன்னது பண்டிதருக்கு, பின்னது சபைக்கு. எழுதுகிறவர் ஒருவர்தான், கேட்கிறவர் மாறும்போது சொல்லும் மாறுகிறது.

நம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தராதது இதுதான். அகராதியைக் கையில் கொடுத்து, "தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய்" என்கிறார்கள். எந்த இடத்துக்கு எந்த வார்த்தை என்று சொல்வதில்லை.

டாக்கா வாத்தியாரின் கணக்கு

எத்தனை வார்த்தை தெரிந்தால் போதும்? இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். அவர் கணக்குப் போட்டதும் லண்டனில் அல்ல, நம் தேசத்தில். அன்றைய வங்காளத்தில், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அவர். வருஷக் கணக்கில் இங்கிலீஷ் படித்தும் ஒரு புத்தகத்தைச் சொந்தமாகப் படிக்க முடியாமல் பையன்கள் தவிப்பதைப் பார்த்தார். அபூர்வமான வார்த்தைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, அடிக்கடி வருகிற வார்த்தைகளை மட்டும் வைத்து வாசகங்கள் எழுதினார். 1953ல் அவர் பெயரில் வந்த பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். சாதாரண இங்கிலீஷ் பக்கம் ஒன்றில் நூற்றுக்கு எண்பது வார்த்தைக்குக் குறையாமல் இந்த 2,000த்துக்குள் அடங்கிவிடும்.

கட்டுரை எழுத மட்டும் அது போதவில்லை. 2000ல் நியூஜிலாந்தைச் சேர்ந்த ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார் வேறொரு காரியம் செய்தார். சட்டம், வணிகம், விஞ்ஞானம், கலை ஆகிய துறைகளின் கல்லூரி நூல்களிலும் கட்டுரைகளிலுமிருந்து 35 லட்சம் வார்த்தைகளைத் திரட்டி, எல்லாத் துறைக்கும் பொதுவாக வருகிற சொற்குடும்பங்களைப் பொறுக்கினார். தேறியது 570. 'எவிடென்ஸ்' (சான்று), 'எஸ்டிமேட்' (மதிப்பிடு), 'கான்ட்ராஸ்ட்' (வேறுபாடு), 'ஸிக்னிஃபிகன்ட்' (குறிப்பிடத்தக்க), 'எஸ்டாப்ளிஷ்' (நிலைநாட்டு) என்று போகிறது அந்தப் பட்டியல். படிப்பு சம்பந்தமான நூல்களில் பத்து வார்த்தைக்கு ஒன்று இந்த 570ல் ஒன்றாக இருக்கிறது. அதே அம்மையார் கதைப் புத்தகங்களில் எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கு ஒன்றரைகூடத் தேறவில்லை.

கதைப் புத்தகமாகப் படித்துத் தள்ளும் பிள்ளை ஏன் கல்லூரிக் கட்டுரையில் திணறுகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே விடை. கதையின் சொற்கிடங்கு வேறு, கட்டுரையின் சொற்கிடங்கு வேறு.

ஒரு கால் முறிவு, நாலு எழுத்து

2011ஆம் வருஷத்து மாநிலப் பாடத்திட்ட வரைவுக்குப் பின் வந்த ஆந்திரப் பாடநூல்கள் பிள்ளைகளைப் பல வகை எழுதச் சொல்லிப் பழக்கின. கடிதம், நாட்குறிப்பு, செய்தி அறிக்கை, வாழ்க்கைக் குறிப்பு, உரையாடல், கட்டுரை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வகை மாறினால் சொல்லும் மாற வேண்டும் என்பது பிள்ளைக்குப் புரியாவிட்டால், ஆறு தலைப்பில் ஒரே வியாசத்தை ஆறு தடவை எழுதி வைக்கும்.

உள்ளூர் விஷயம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். எலும்பு முறிந்தால் 'புத்தூர் கட்டு' என்று சென்னையிலிருந்துகூட ஆள் வருகிறார்கள் அல்லவா? மாமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த ஒரு பையனைப் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அதை நாலு விதமாக எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பள்ளிக்கு விடுமுறைக் கடிதம் என்றால், வலியை வர்ணிக்க இடமில்லை. 'கால் முறிவு' என்பதற்கு 'ஃப்ராக்சர்' என்ற ஒரு சொல், 'வர இயலாது' என்பதற்கு 'அனேபிள் டு அட்டெண்ட்', 'தயைகூர்ந்து அளிக்க' என்பதற்கு 'கைண்ட்லி க்ரான்ட்'. மூன்றே வாக்கியம். தேதி முக்கியம். எத்தனை நாள் என்பது அதைவிட முக்கியம்.

செய்தி அறிக்கை என்றால், எழுதுகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். 'விழுந்தான்' என்று தொடங்காமல், யார், எங்கே, எப்போது என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். 'காயமடைந்தான்' என்பதற்கு 'ஸஸ்டெய்ன்ட் இன்ஜுரீஸ்', தான் பார்க்காததற்கு 'அக்கார்டிங் டு' என்று சொன்னவரின் பெயர். 'ஐயோ பாவம்' என்கிற தொனிக்கு வேலை இல்லை.

நாட்குறிப்போ கதையோ என்றால் நேர் எதிர். இங்கே 'ஸஸ்டெய்ன்ட் இன்ஜுரீஸ்' என்று எழுதுகிற பிள்ளை போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் மாதிரி ஆகிவிடும். இங்கே உடம்பின் சொற்கள் வேண்டும். நொண்டி நடந்தான் என்பதற்கு 'லிம்ப்ட்'. வலியில் முகம் சுளித்தான் என்பதற்கு 'வின்ஸ்ட்'. பல்லைக் கடித்தான் என்பதற்கு 'க்ளெஞ்ச்ட்'. பச்சிலை அரைத்து வைத்து, மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றுவதைச் சொல்ல 'ஸ்ப்ளின்ட்' என்ற சொல் ஒன்று தெரிந்தால் பக்கத்துக்கே உயிர் வந்துவிடும். பெரிய வார்த்தைகள் இல்லை இவை. சின்ன, கூர்மையான வார்த்தைகள்.

கட்டுரை என்றால் நாலாவது வழி. 'நாட்டு வைத்தியம் இன்னும் தேவையா?' என்று தலைப்பு. இங்கே பையனின் வலியும் வேண்டாம், அவன் பெயரும் வேண்டாம். இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்கிற சொற்கள் வேண்டும். 'ஹவெவர்' (ஆயினும்), 'வேராஸ்' (அது அவ்வாறிருக்க இது), 'தேர்ஃபோர்' (ஆகவே), 'டெண்ட்ஸ் டு' (பெரும்பாலும் அப்படி ஆகிறது), 'எவிடென்ஸ் ஸஜெஸ்ட்ஸ்' (சான்றுகள் காட்டுகின்றன). 'எல்லோருக்கும் குணமாகிறது' என்று அடித்துச் சொல்லாமல், 'பலர் நம்பிப் போகிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு விலகலை அறிவதும் அவசியம்' என்று அளந்து பேசுகிற சொற்கள். அளந்து பேசுவதுதான் கட்டுரை இங்கிலீஷின் உயிர். நம் பிள்ளைகளுக்கு இது கடினமாக இருக்கக் காரணம், மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததோ என்னவோ!

'போடு' என்ற பொல்லாத வார்த்தை

வார்த்தை தெரிந்தும் வாக்கியம் தவறுவது இன்னொரு வகை. தமிழில் 'போடு' என்ற ஒரு சொல்லை வைத்து நாம் குடித்தனமே நடத்துகிறோம். ஃபேன் போடு, டீ போடு, கையெழுத்துப் போடு, கணக்குப் போடு, சண்டை போடு, கண்ணாடி போடு. இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை. ஃபேனுக்கு 'ஸ்விட்ச் ஆன்', டீக்கு 'மேக்', கையெழுத்துக்கு 'ஸைன்', கணக்குக்கு 'வொர்க் அவுட்', சண்டைக்கு 'க்வாரல்', கண்ணாடிக்கு 'வேர்'. 'புட் தி ஃபேன்' என்று எழுதுகிற பிள்ளைக்குத் தெலுங்கும் கைகொடுப்பதில்லை. அங்கேயும் ஃபேனை 'வெய்' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு மொழியும் சேர்ந்து ஒரே பள்ளத்தில் தள்ளுகின்றன.

அதே போல மருந்து. நாம் மருந்தைச் சாப்பிடுகிறோம்; இங்கிலீஷ்காரன் 'டேக்' செய்கிறான். பெரும் மழையை 'பிக் ரெயின்' என்றால் அர்த்தம் புரியும், மார்க் கிடைக்காது. 'ஹெவி ரெயின்' என்பதுதான் வழக்கு. தவறு 'மேக்', வீட்டுப்பாடம் 'டூ'. ஆகவே ஒரு வார்த்தையைத் தனியாக மனப்பாடம் செய்வது பாதி வேலை. அது எந்த வார்த்தையோடு கூடி வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும். பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மாப்பிள்ளை யாரென்று கேட்காமல் வருகிற கதை ஆகிவிடக் கூடாது.

ஆபீஸ் இங்கிலீஷ் வீட்டுக்கு வந்தால்

இந்தப் பகுதி குமாஸ்தாக்களுக்கு. ஆபீஸில் டிராப்ட் எழுதிக் கை பழகிய தகப்பனார் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருவது நல்ல விஷயம்தான். ஆனால் ஃபைல் நடை குழந்தையின் நோட்டில் ஏறிவிடுகிறது. திருமலைக்குக் குடும்பத்தோடு போய் வந்ததை எழுதச் சொன்னால், 'ஐ, தி அண்டர்ஸைன்ட்' என்று ஆரம்பித்து, லட்டு வாங்கியதை 'டுலி ரிஸீவ்ட்' என்று முடிக்கிற ஆபத்து உண்டு. 'டூ தி நீட்ஃபுல்', 'ப்ளீஸ் ரிவர்ட் பேக்' எல்லாம் நம் ஆபீஸ்களில் நடமாடும் நாணயங்கள். பரீட்சைத் தாளில் அவை செல்லாக்காசு. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' வராது என்பதை எத்தனையோ ஆபீஸ் கடிதங்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்காக ஆபீஸ் இங்கிலீஷைக் கேவலமாகப் பேச வேண்டாம். விண்ணப்பம், புகார், அறிக்கை இந்த மூன்றுக்கும் அதுவே நல்ல பள்ளிக்கூடம். தேதி, எண், விஷயம், கோரிக்கை என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. தெருக்குழாயில் நாலு நாளாய்த் தண்ணீர் வரவில்லை என்று பஞ்சாயத்துக்கு எழுதும் கடிதத்தைப் பிள்ளை தகப்பனாரிடம் கற்றுக்கொள்வதுதான் உசிதம். திருமலை யாத்திரையைத் தாயாரிடம் கேட்டு எழுதட்டும்.

நோட்டுப் புத்தகம் எப்படி இருக்க வேண்டும்?

லிப்கோ அகராதி இல்லாத தமிழ்க் குமாஸ்தா வீடு ஒரு காலத்தில் அபூர்வம். இன்றைக்குக் கைப்பேசியிலேயே அகராதி இருக்கிறது. குறை அகராதியில் இல்லை, நோட்டில் இருக்கிறது. ஏ, பி, ஸி என்று அகர வரிசையில் வார்த்தை சேர்க்கிற நோட்டால் அதிகப் பயன் இல்லை. கடிதத்துக்குச் சில பக்கம், அறிக்கைக்குச் சில பக்கம், கதைக்குச் சில பக்கம், கட்டுரைக்கு அதிகப் பக்கம் என்று வகை பிரித்து வைத்தால், பரீட்சையில் தலைப்பைப் பார்த்தவுடன் அந்தந்தப் பக்கம் மனதில் விரியும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சொந்த ஊர் விஷயத்தை வைத்து ஒரு வாக்கியம். 'லண்டன் மாநகரம்' பற்றிய வாக்கியம் மறந்துபோகும். புஷ்கரிணிப் படிக்கட்டைப் பற்றியது மறக்காது.

எழுதி வைத்தால் போதாது, திரும்பப் பார்க்க வேண்டும். 1885ல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து காட்டினார். மறதியில் பெரும்பங்கு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே இன்று படித்ததை நாளை ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, வாரம் கழித்து ஒரு தடவை புரட்டினால் தங்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுபது வார்த்தை நெட்டுருப் போடுவதைவிட, தினம் ஐந்து வார்த்தையும் பழையதில் ஐந்தும் மேல்.

தமிழை விட்டால் இங்கிலீஷ் வருமா?

கடைசியாக, இந்த வட்டாரத்துப் பெற்றோர்களைப் பிடித்திருக்கும் ஒரு பயம். வீட்டில் தமிழ் பேசினால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று. 2019 நவம்பரில் ஆந்திர அரசு தன் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு வரை இங்கிலீஷ் வழியைக் கட்டாயமாக்கி உத்தரவு போட்டது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கு எப்படிப் போனாலும் பெற்றோர் மனம் இங்கிலீஷ் பக்கம் சாய்ந்தாகிவிட்டது. எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு இது இன்னொரு இடி.

ஆனால் 'ஹவெவர்' என்ற சொல்லைக் கற்பிக்க வேண்டுமானால், 'ஆனாலும்' என்று யோசிக்கத் தெரிந்த பிள்ளை வேண்டும். அந்த யோசனை வீட்டு மொழியில்தான் முளைக்கிறது. பாட்டியிடம் வழக்காடி, "நீ சொல்வது சரிதான், ஆனால்..." என்று இழுக்கிற பிள்ளைக்குக் கட்டுரையின் எலும்புக்கூடு ஏற்கெனவே தெரியும், இங்கிலீஷ் சொல்லை அதன் மேல் போர்த்த வேண்டியதுதான் பாக்கி.

சித்தூர் மாவட்டத்தின் ஆசிரியர் பயிற்சி நிறுவனமான 'டயட்' இருப்பதும் இதே கார்வேட்டிநகரத்தில்தான். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களாக வரப்போகிறவர்கள் அங்கே படிக்கிறார்கள். டாக்காவில் பயிற்சிக் கல்லூரி முதல்வர் ஒருவர் செய்த காரியத்தை இந்தத் தெலுங்கு-தமிழ் எல்லையில் யாராவது செய்யலாம். இங்குள்ள பிள்ளைகள் எந்த வினையில் இடறுகிறார்கள், எந்தச் சொல் இல்லாமல் நிற்கிறார்கள் என்று நூறு விடைத்தாளை வைத்துக்கொண்டு எண்ணினால் போதும். பட்டியல் தானே வந்துவிடும்.

அதுவரை, இங்கிலீஷ் அறவே தெரியாத பெற்றோரும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிள்ளை எழுதி முடித்ததும் நோட்டை மூடச் சொல்லி, "என்ன எழுதினாய், தமிழில் சொல்" என்று கேட்கலாம். பையன் எதற்காக லீவு கேட்டான், யாரிடம் கேட்டான், எத்தனை நாள் கேட்டான் என்பது சொல்வதிலிருந்து விளங்கவில்லை என்றால், அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை எழுதச் சொல்லலாம்.